பழைய துவக்கை ஏலத்தில் கேட்கலாமா?

தம்பி ஒருவரின் கேள்வி இது: "பண்டாரவளைப் பக்கம் ஒரு பழைய தோட்டத்துப் பங்களாவின் சாமான்களை அடுத்த மாதம் ஏலம் விடப்போகிறார்கள். பட்டியலில் 'பழைய துவக்கு, மரப்பெட்டியுடன்' என்று ஒரு வரி இருக்கிறது. நூறு வருஷம் தாண்டிய துவக்குக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்களே, நான் அதைக் கேட்கலாமா? கூட்டம் நிறைய வருமாம். பங்களா ஏலத்துக்கு நான் இதுவரை போனதில்லை."

ஏலத்துக்குக் கட்டாயம் போங்கள், தம்பி. ஆனால் துவக்குக்குக் கை தூக்க வேண்டாம். முதலில் பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தபிறகு யோசிக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேலாக ஹட்டன், நுவரெலியா, ஹப்புத்தளை, கண்டிப் பக்கம் நடந்த பங்களா ஏலங்களுக்குப் போய்வருகிறவன் நான். பழைய மரச்சாமான் திருத்துவது என் தொழில். துவக்குப் பெட்டிகள், வெடிமருந்துக் கொம்புகள், தோட்டா அடைக்கும் கருவிகள் ஆகியவற்றின் மேல் எனக்குத் தனி ஆசை உண்டு. என்றாலும் இந்த விஷயத்தில் ஆசைக்கு முன்னால் சட்டம் நிற்கிறது.

நீங்கள் பார்த்த வீடியோக்கள் பொய் சொல்லவில்லை. அவை வேறு நாட்டுச் சட்டத்தைச் சொல்கின்றன. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்த துவக்குகளைப் பெரும்பாலும் பழம்பொருளாகவே கணக்கில் எடுக்கிறது. இங்கிலாந்திலும் வழக்கொழிந்த தோட்டா போடும் பழைய துவக்குகளை அலங்காரப் பொருளாக வைத்திருக்க வழி இருக்கிறது. அதனால்தான் அங்கே மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து துவக்கு ஏலம் கேட்கிறார்கள். நம் நாட்டில் நடப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். விற்பதற்கும் தனி அனுமதி வேண்டும்.

குழலின் வாய் வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கும் இடியன் துவக்கை நினைத்துப் பாருங்கள். துவக்கு வகைகளில் அதைவிடப் பழைய முறை கிடையாது. ஆனால் காட்டுப்பன்றிக்குப் பயந்து தோட்டம் காக்கும் விவசாயி அந்த இடியனுக்குக்கூடக் கச்சேரியில் அனுமதிப்பத்திரம் எடுக்கிறார். எடுக்காதவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிறது. அப்படியிருக்க, "இது பழசு, பரவாயில்லை" என்று ஏலத்தில் பக்கத்தில் நிற்கிறவர் சொன்னால் அந்தப் பேச்சை நம்பிக் காசு கட்டாதீர்கள். பங்களாச் சொந்தக்காரரிடம் பத்திரம் இருந்தது என்பதும் உங்களுக்கு உதவாது. பத்திரம் ஆளுக்குக் கொடுப்பது, துவக்கோடு சேர்ந்து கைமாறாது.

இன்னொன்று. 1971 கிளர்ச்சியிலும் 1987–89 காலத்திலும் துவக்குத் தேடி வீடு வீடாக ஆட்கள் வந்த நாடு இது. பங்களாக்களில் இருந்த துவக்குகளில் பல அப்போது பறிபோயின, பல பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டன. ஆகவே இத்தனை வருஷம் கழித்து ஒரு பங்களாவில் துவக்கு இருக்கிறது என்றால், அது எந்தப் பத்திரத்தின் கீழ் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி. ஏலக்காரரிடம் அதை மரியாதையாகவே கேளுங்கள். முறையாக நடத்துகிறவர் தாளை எடுத்துக் காட்டுவார். மழுப்பினால் அந்தப் பொருளை மறந்துவிடுங்கள்.

சரி, துவக்கை வாங்காவிட்டாலும் அதைப் பார்க்கப் போகிறீர்கள். அதனால் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன்.

ஏலத்துக்கு முந்தின நாளோ அன்று காலையிலோ பொருட்களைப் பார்க்க நேரம் கொடுப்பார்கள். என்னைப் பொறுத்தவரை ஏலமே அந்த நேரம்தான். நம் தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் தேயிலை ஏலம் 1883 ஜூலையில் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை வாங்குகிறவர் மாதிரியைச் சுவைத்துப் பார்த்து, மனதில் ஒரு விலை போட்டுக்கொண்டுதான் வருகிறார். கொழுந்தை விளைவித்த நாம் மட்டும் பங்களா வாசலில் நின்றவுடன் பார்க்காமலே விலை கேட்கிறோம். டோர்ச், அளவு நாடா, பூதக்கண்ணாடி, ஒரு கொப்பி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். கூட்டம் சேர்வதற்கு முன் போய்விடுங்கள். உவா பக்கம் பின்னேரம் மழை இறங்கினால் எல்லாரும் வராந்தாவுக்குள் நெருக்குவார்கள், அப்புறம் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

சுவரில் தொங்கும் துவக்கைத் தொடுவதற்கு முன் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். ஹப்புத்தளைப் பக்கம் ஒரு பங்களா. கூடத்துச் சுவரில் நீளமான இடியன் ஒன்று மாட்டியிருந்தது. பார்க்க வந்த ஒருவர் அதை இறக்கி, குழலின் வாயில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார். பக்கத்தில் அவருடைய பையன் துவக்கின் குதிரையை, அதாவது சுத்தியல் போன்ற விசையை, இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். நான் பதறிப்போய் வாங்கிக் கீழே வைத்தேன். குழலோடு இருந்த இடிக்கும் கம்பியை, நான் பக்கவாட்டில் நின்றுகொண்டு, மெதுவாக உள்ளே இறக்கினேன். அது நின்ற இடத்தில் விரலால் அடையாளம் பிடித்து வெளியே எடுத்து, குழலுக்கு வெளிப்பக்கமாக வைத்து அளந்தேன். கம்பியின் நுனி மருந்துத் துவாரம் வரை வந்திருக்க வேண்டும். நான்கு விரல் அளவு குறைந்தது. உள்ளே மருந்தும் சன்னமும் அப்படியே இருந்தன. யார் எப்போது இடித்து வைத்தார்களோ தெரியாது. அந்த வீட்டு ஆட்கள் இரண்டு தலைமுறையாக அதற்குக் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறார்கள்.

கருமருந்து ஈரம் படாமல் அடைபட்டிருந்தால் நூறு வருஷம் கழித்தும் எரியும். அந்த எண்ணம் எப்போதும் மனதில் இருக்கட்டும். எந்தப் பழைய துவக்கும் நிரப்பப்பட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக இறக்க வேண்டாம், ஏலக்காரரின் ஆளை இறக்கித் தரச் சொல்லுங்கள். வாய் யார் பக்கமும் திரும்பக் கூடாது, குதிரையைத் தொடக் கூடாது. உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் சுரண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள். அன்று நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஏலம் இரண்டு மணித்தியாலம் தாமதமானது, சிலர் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும்.

அதன் பிறகு அடையாளங்கள். மடக்குத் துவக்கு என்றால், அதாவது நடுவில் மடித்துப் பின்னாலிருந்து தோட்டா போடுவது என்றால், அதன் வரலாறு குழலின் அடிப்பக்கத்தில் இருக்கும். இங்கிலாந்தில் செய்த ஒவ்வொரு குழலையும் அளவுக்கு மீறிய மருந்து போட்டு வெடித்துச் சோதித்துத்தான் முத்திரை குத்துவார்கள். லண்டனில் இந்தச் சோதனையைச் செய்யும் துவக்குத் தொழிலாளர் சங்கத்துக்கு 1637இல் பட்டயம் கிடைத்தது. பர்மிங்ஹாமில் சோதனைக்கூடம் 1813இல் சட்டத்தால் வந்தது. பர்மிங்ஹாம் முத்திரையில் கிரீடமும் குறுக்காக வைத்த இரண்டு செங்கோலும் இருந்தால் அது 1904க்கு முந்தியது. கிரீடத்துக்குக் கீழே பிபி, பிவி என்ற எழுத்துகள் இருந்தால் அதற்குப் பிந்தியது. சாய்சதுரத்துக்குள் 12 என்ற எண் இருந்தால் 1887 அல்லது அதற்குப் பிறகு. முட்டை வடிவ வட்டத்துக்குள் ஈ எல் ஜி என்று இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சரக்கு. மேலே பெரிய ஆங்கிலப் பெயர் பொறித்திருந்தாலும் கீழே லியேஜ் முத்திரை இருக்கும் மலிவுத் துவக்குகளை நான் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். குழலில் பாம்புத்தோல் போலச் சுருள் சுருளாகக் கோலம் தெரிந்தால், இரும்பையும் உருக்கையும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழல் அது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கருமருந்துக் காலத்துச் சோதனை மட்டும் கண்ட அந்தக் குழலில் இன்றைய போரா 12 தோட்டாவைப் போட்டால் குழல் பிளந்து கையைக் கொண்டுபோகும். யாராவது "ஒரு வெடி வைத்துப் பார்ப்போம்" என்றால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மூன்று கோட்டு அம்புக்குறி குத்திய துப்பாக்கியும் கண்ணில் படலாம். அது பிரித்தானிய அரசாங்கச் சொத்தின் அடையாளம். மலைநாட்டில் அது வர ஒரு காரணம் இருக்கிறது. துரைமார் சேர்ந்த இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை 1900 முதல் 1949 வரை கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. அந்தப் படையின் தொப்பிச் சின்னம், பரிசுக் கோப்பை, குழுப் படம் எல்லாம் பங்களா ஏலத்தில் வரும், தாராளமாகக் கேளுங்கள். படைத் துப்பாக்கி மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனிக் கதைகள். நுவரெலியா பக்கம் ஒரு பழைய துவக்கு ஏலத்துக்கு வந்தால் அது மேஜர் ரொஜர்சுடையதாகிவிடும், அல்லது சாமுவேல் பேக்கருடையதாகிவிடும். ரொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கு மேல் யானைகளைக் கொன்றவர் என்று சொல்லப்படுகிறவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அவருடைய கல்லறை நுவரெலியா கோல்ப் மைதானத்துப் பக்கம் இருக்கிறது. பேக்கர் 1848இல் நுவரெலியாவில் பண்ணை போட வந்து, 1855இல் நாட்டைவிட்டுப் போனார். பின்பக்கம் தோட்டா செருகும் மடக்குத் துவக்கு இங்கிலாந்தில் பரவத் தொடங்கியதே 1851இல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சிக்குப் பிறகுதான். ஆகவே மடக்குத் துவக்கைக் காட்டி "ரொஜர்ஸ் துரையின் துவக்கு" என்று சொன்னால், அவர் செத்தபிறகு செய்த துவக்கை அவர் கையில் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் அங்கே சண்டை பிடிக்க வேண்டியதில்லை. கொப்பியில் குறித்துக்கொண்டு, அந்தக் கதைக்கு விலை கொடுக்காமல் இருந்தால் போதும்.

கதைக்குத் தாள் இருந்தால் விஷயம் வேறு. 2021இல் அமெரிக்காவில் பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை ஷெரிப் பட் காரட் சுட்டுக் கொன்ற கைத்துப்பாக்கி ஆறு மில்லியன் டொலருக்கு மேல் போனது. அதே வகைத் துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விலை போனது இரும்புக்கு அல்ல, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று காட்டிய சங்கிலிக்கு.

கண்டி இராச்சியத்துத் துவக்கு என்றால் நான் சொன்னதெல்லாம் மாறிவிடும். சிங்களக் கொல்லர்கள் செய்த அந்தத் துவக்குகளில் விசைப்பொறி இடப்பக்கம் இருக்கும். தோளில் வைக்கும் கட்டை இரண்டாகப் பிரிந்து சுருண்டிருக்கும். ஐரோப்பியத் துவக்கில் பொறி வலப்பக்கம் இருப்பதால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். 1815 மார்ச் 2, அதாவது கண்டி உடன்படிக்கை நாள், அதற்கு முந்திய பொருட்களைத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையடித்துக் கொண்டுபோன, கண்டிப் பிரதானி லெவ்கே திசாவையின் பீரங்கியும் இரண்டு பெரிய துவக்குகளும் வாள்களும் 2023 முடிவில்தான் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன. இப்போது அவை கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றன. அந்தக் காலத்து அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரை வழி வந்த நாயக்கர். அப்படி ஒரு துவக்கு பண்டாரவளை ஏலத்தில் கிடந்தால் வாங்கவும் வேண்டாம், பேசாமல் திரும்பவும் வேண்டாம். படம் எடுத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். இருநூற்றைம்பது வருஷம் கழித்து ஒரு பொருளைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பாடு என்று இப்போதுதான் பார்த்தோம்.

துவக்கோடு சேர்ந்து சிறுத்தைத் தோல், யானைத் தந்தப் பிடி வைத்த சாமான்கள் வரும். அவை வனவிலங்குச் சட்டத்துக்குள் விழும், கிட்டப் போகாதீர்கள்.

கூட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நாம் எல்லாரும் ஏலம் பழகியது தோட்டத்து மாரியம்மன் கோயிலில். திருவிழாக் கடைசி நாளில் சாமிக்குப் படைத்த தேங்காயையும் எலுமிச்சம்பழத்தையும் ஏலம் விடுவார்கள். இரண்டு குடும்பம் போட்டிபோட்டால் ஒரு தேங்காய் பத்தாயிரம் ரூபாவுக்குப் போகும். அந்தக் காசு அம்மனுக்குப் போகிறது, கொடுத்தவருக்கு மனநிறைவு. பங்களா ஏலத்திலும் அதே சூடுதான் ஏறும், ஒரு தரம், இரண்டு தரம் என்று குரல் உயரும்போது கை தானாக எழும்பும். ஆனால் இங்கே காசு அம்மனுக்குப் போவதில்லை. ஆகவே பார்வை நேரத்திலேயே ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே உங்கள் உச்ச விலையைக் கொப்பியில் எழுதிவிடுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாவும் கேட்காதீர்கள். ஏலக்காரரின் கமிஷன் எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, பொருளை எந்த நேரத்துக்குள் எடுக்க வேண்டும், லொறி வாசல்வரை வருமா என்பதையெல்லாம் முதலிலேயே கேட்டு, அந்த உச்ச விலைக்குள் அவற்றையும் கழித்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் நிற்காதீர்கள். பக்கவாட்டில் சுவரோரம் நின்றால் யார் யார் கேட்கிறார்கள் என்று தெரியும். கொழும்பு, காலி வியாபாரிகள் சிலர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் கேட்பார். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அவர்கள் விற்று இலாபம் பார்க்க வேண்டியவர்கள், ஓர் எல்லைக்கு மேல் போகமாட்டார்கள். நீங்கள் வைத்துக்கொள்ள வாங்குகிறீர்கள், அதனால் அவர்களை விட ஒருபடி மேலே போக உங்களால் முடியும்.

எனக்கு ஒருமுறை அடி விழுந்தது. ஓர் ஏலத்தில் ஓக் மரத் துவக்குப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே சிவப்புத் துணி, மூடியில் பெரிய லண்டன் கடையின் லேபல். நான் பார்வை நேரத்துக்குப் போகவில்லை, கூட்டத்தின் பின்னாலிருந்து கேட்டு வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் லேபல் புதிதாக அச்சடித்து ஒட்டியது, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துப் பழசாக்கியிருந்தார்கள். உண்மையான லேபலில் கடை முகவரியே காலத்தைச் சொல்லும். எடுத்துக்காட்டாக, லண்டன் துவக்குக் கடையான பர்டி ஒக்ஸ்போர்ட் வீதியிலிருந்து சவுத் ஓட்லி வீதிக்கு 1880களின் தொடக்கத்தில்தான் மாறியது. லேபலின் ஓரத்தில் பசை வழிந்திருக்கிறதா, துணியின் பள்ளங்கள் கருவியின் வடிவத்தோடு பொருந்துகின்றனவா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். பல வருஷம் துவக்கு கிடந்த பெட்டியில் எண்ணெய்க் கறை அதே வடிவத்தில் இருக்கும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? வெற்றுப் பெட்டி, செம்பு மருந்துக் குடுவை, மாட்டுக்கொம்பில் செய்த மருந்துக் கொம்பு, தோட்டா அடைக்கும் பித்தளைக் கருவி, தோல் பட்டி. எல்லாம் அழகான வேலைப்பாடு. துவக்குக்கு ஓடுகிற கூட்டம் இவற்றைக் கவனிப்பதில்லை, அதனால் நல்ல விலைக்குக் கிடைக்கும். குடுவையிலும் கொம்பிலும் பழைய மருந்து மிச்சம் இருக்கக்கூடும், நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோகாமல் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. பெட்டி மூடியின் பித்தளைத் தகட்டில் துரையின் பெயர் இருக்கும். லேபலில் கடைக்காரரின் பெயர் இருக்கும். துரை காட்டுக்குள் போனபோது இரண்டாவது துவக்கைத் தோளில் சுமந்து பின்னால் நடந்தவரின் பெயர், தடம் பார்த்துக் காட்டியவரின் பெயர், இராத்திரி அந்தத் துவக்கைத் துடைத்து எண்ணெய் போட்ட பங்களா ஆளின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை. அவை இருந்தால் தாளில் இருக்கும். செக்ரோல் புத்தகம் (தொழிலாளரின் பெயரும் வேலை நாளும் எழுதும் பதிவேடு), பங்களாக் கணக்குப் புத்தகம், வேட்டைக் குறிப்பு, பழைய கடிதக் கட்டு. ஏலத்தில் இவற்றைச் சணல் கயிற்றால் கட்டி, கடைசி லொட்டாக (ஏலத் தொகுதியாக), பழைய பேப்பர் என்று எடைக்கு விடுவார்கள்.

1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் வந்த சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் இந்த மண்ணில் தொடர்ந்து வாழ்ந்ததைத் தாள் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தத் தாளில் பல துரையின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. ஒருமுறை நான் எடைக்கு வாங்கிய கட்டில் ஒரு செக்ரோல் புத்தகம் இருந்தது. வரிசையாகப் பெயர்கள், எதிரே நாட்கள், தகப்பன் பெயர். பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் அதில் தன் தாத்தாவின் பெயரைக் கண்டுபிடித்து, விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் புத்தகத்தை யாருக்கும் விற்கமாட்டேன்.

ஆகவே, தம்பி, பார்வை நேரத்தில் போய் அந்தப் பேப்பர் கட்டு எந்த லொட்டில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அடியில் கரையான் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, நடுப்பக்கங்கள் தப்பியிருக்கும். ஏலம் முடியும்வரை நில்லுங்கள், பெரிய சாமான்கள் போனதும் கூட்டம் கலைந்துவிடும், அப்போதுதான் அது வரும். கட்டு பெரிதாக இருந்தால் சொல்லுங்கள். பாதிக் காசு நான் போடுகிறேன், அன்று காலை ரயிலில் பண்டாரவளைக்கு வந்தும் சேர்கிறேன்.